கீர்த்தனைக்கு உட்காருவோம்

மராத்தி ஊரில் இருக்கும் எங்கள் தமிழ்த் திருச்சபைக்கு டிரம் செட் வந்தது ஒரு சனிக்கிழமை மாலை, பக்கத்துப் போபோடியிலிருந்து டெம்போவில். இறக்கும்போது பெரிய தாளத்தட்டு படியில் இடித்து அதிர்ந்தது. பாடகர் குழுவின் தலைவரான என் மாமா பக்கவாசலில் நின்றிருந்தார். அதிர்வு அடங்கும்வரை காத்திருந்து, பிறகு சொன்னார்: "இது கோயிலா, பாராத்தா? குதிரை ஒண்ணுதான் குறைச்சல்." வடநாட்டு மாப்பிள்ளை ஊர்வலத்தைச் சொன்னார். டிரம் வாசிக்கப்போகிற என் மகள் சிரித்தாள். என்னால் சிரிக்க முடியவில்லை.

மாமா ஆயுதத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். என் சிறுவயது முதல் எங்கள் தமிழ் ஆராதனையின் பாட்டெல்லாம் அவருடைய ஆர்மோனியத்திலிருந்துதான் தொடங்கும். மேல்நாட்டு மெட்டில் வரும் பாமாலைக்கு எழுந்து நிற்போம், நம் ராகத்தில் பாடும் கீர்த்தனைக்கு உட்காருவோம். இதை யாரும் சொல்லித் தருவதில்லை, பழகிவிடும். என் மகளின் வயதுக்காரர்களில் பலருக்குத் தமிழ் வாசிக்க வராது. அவர்கள் வரிகளை ஆங்கில எழுத்தில் திரையில் போட்டு, கைதட்டி, ஒரு பாட்டிலிருந்து அடுத்ததற்கு இடைவெளி விடாமல், நின்றுகொண்டே பாடுவார்கள். எனக்கு இரண்டும் பிடிக்கும். அதனாலேயே இரண்டு பக்கமும் என்னை நம்பவில்லை.

புதுப்பாட்டுகள் தொடங்கிய முதல் ஞாயிறோடு மாமா வருவதை நிறுத்திவிட்டார். இனி மராத்தி சபைக்குப் போவதாகச் சொல்லியனுப்பினார். டிரம்மை எடுத்துவிட்டால் பிள்ளைகள் பிம்ப்ரியில் நடக்கும் ஆங்கில ஆராதனைக்குப் போய்விடுவார்கள். எங்கள் போதகரை ஐயர் என்றுதான் அழைப்போம். அவர் ஆராதனையை இரண்டாகப் பிரிக்கலாமா என்று யோசிக்கத் தொடங்கினார். பிரித்திருந்தால் காலையில் என் அம்மா கீர்த்தனைக்கும், மாலையில் என் மகள் டிரம்முக்கும் போயிருப்பார்கள். ஒரே வீட்டில் இரண்டு சபை.

கடைசி முயற்சியாக ஐயர், நான், என் மகள் மூவரும் மாமாவைப் பார்க்கப் போனோம். மாமா பயபக்தியைப் பற்றியும், இரைச்சலைப் பற்றியும், ராகம் கெட்டுப்போவதைப் பற்றியும் நீளமாகப் பேசினார். ஐயர் தலையாட்டிக்கொண்டே இருந்தார். டீயோடு வந்த அத்தைக்குப் பொறுக்கவில்லை.

"பயபக்தியாம்! முட்டுவலின்னு சொல்லுங்களேன். அன்னைக்குக் கோயில்லேர்ந்து வந்ததும் தைலம் தேச்சது யாரு?"

"நீ சும்மா கெட."

"எல்லாரும் நிக்கும்போது பாட்டுத் தலைவர் உக்காந்தா அசிங்கமாம், ஐயரே. வெளிய சொன்னா மானம் போவுதாம்."

மாமா சுவரைப் பார்த்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு வெட்கத்தை நான் அதற்குமுன் கண்டதில்லை. என் மகள் இந்தி கலந்த தன் தடுமாறும் தமிழில் ஆரம்பித்தாள்: "தாத்தா, நானும் உக்காந்துதான் வாசிக்கிறேன். டிரம் நின்னுட்டு அடிக்க முடியாது, நா?"

ஐயர்தான் முதலில் சிரித்தார். மாமா கடைசியில்.

அடுத்த ஞாயிறு மாமாவும் வந்திருந்தார். புதுப்பாட்டுகளுக்கு முன் ஐயர், "நிற்க விரும்புகிறவர்கள் நிற்கலாம், மற்றவர்கள் உட்கார்ந்தே பாடலாம்" என்று அறிவித்தார். பாதி ஆலயம் பெருமூச்சோடு உட்கார்ந்தது. முதலில் உட்கார்ந்தவர் ஐயரின் மனைவி. அதுவரை பயபக்தி கெட்டுவிட்டதாக என்னிடம் குறைப்பட்டுக்கொண்டவர்களில் பலரும் அந்தப் பாதியில் இருந்தார்கள்.

ஆராதனை முடிந்ததும் மாமா நேராக டிரம்மை நோக்கி நடந்தார். நானும் பின்னாலேயே ஓடினேன்.

"ஏட்டி, ரெண்டாவது பாட்டை எதுக்கு அந்த ஓட்டம் ஓட்டுத? சரணத்துல மூச்சு விட எடம் வேண்டாமா?"

"நீங்க பாடினீங்களா தாத்தா?"

"பின்னே? வாய மூடிட்டு உக்காரவா ஆட்டோ புடிச்சு வந்தேன்?"

எங்கள் சபைக்கு இன்றும் ஒரே ஆராதனைதான். வேகத்தைப் பற்றிய சண்டை மட்டும் வாராவாரம் நடக்கிறது. நான் நிம்மதியாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.