தம்பியின் பன்னிரண்டு மணி ஆட்டம்

ஜெர்மனியின் ஹம் நகரிலிருந்து மைன்ஸ் நகருக்கு ரயிலில் போய் பேஸ்போல் பார்க்க நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். அப்படி எத்தனை பேர் இருப்பீர்கள் என்று தெரியாது. இருந்தாலும் நான் விட்ட பிழையை இன்னொருவர் விடக் கூடாது.

போனது என் தம்பி கஜனுக்காக. நான் யாழ்ப்பாணத்தில் பிறந்தவள், அவன் ஹம்மில் பிறந்தவன். பதினெட்டு வயதில் பந்து எறிவதற்கென்றே அமெரிக்கா போனான். முதலில் பெயர் தெரியாத ஊர்களில் பேருந்து பேருந்தாக அலைந்தான். பிறகு பெரிய லீக்கில் ஏறினான். அவன் எறியும் நாளென்றால் அரங்கம் நிறையும் என்ற அளவுக்குப் பெயரெடுத்தான். முழங்கையில் இரண்டு தரம் கத்தி வைத்த பிறகு வேகம் குறைந்தது. இந்த வருடம் திரும்பி வந்து மைன்ஸில் ஒரு கழகத்துக்கு எறிந்தான். மே மாதத்தில் ஒரு சனிக்கிழமையோடு நிறுத்திவிடுவதாகச் சொன்னான்.

இத்தனை வருடத்தில் அவன் எறிவதை நான் ஒரு தரமாவது நேரில் கண்டதில்லை. முதியோர் இல்லத்தில் வேலை, லீவு கிடைக்காது, நீண்ட விமானப் பயணம் ஒத்துவராது என்று எல்லோருக்கும் சொல்லி வைத்திருந்தேன். உண்மையில் எனக்குப் பயம். தொலைக்காட்சியில் அவன் கையை உயர்த்தினாலே பார்க்க மாட்டேன். எழும்பிக் குசினிக்குள் போய் அடுப்படியில் நின்றுவிடுவேன்.

"அக்கா, என்ர ஆட்டம் எல்லாம் நீங்கள் குசினிக்குள்ள நிண்டுதான் பாத்தனீங்கள். இந்த ஒண்டுக்காவது வாங்கோ," என்றான். அதற்கு மேல் என்ன சாக்குச் சொல்வது?

கழகத்தின் இணையப் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். அன்று ஒரே திடலில் இரண்டு ஆட்டங்கள். பன்னிரண்டு மணி ஆட்டத்தில் வெளிநாட்டுப் பாஸ்போட் வைத்திருப்பவர்கள் பந்து எறியக் கூடாது. அவர்கள் மூன்றரை மணி ஆட்டத்தில்தான் எறியலாம். வாசித்து முடிக்கவும் மனதில் முடிவு வந்துவிட்டது. மூன்றரை மணி ஆட்டம். ஒரு கணம்கூட யோசிக்கவில்லை, அவனிடம் கேட்கவும் இல்லை.

மூன்றரைக்கு ஆட்டம் என்றாலும் நான் காலை 8.48 ரயிலுக்கு இருக்கை பதிந்தேன். வீட்டில் இதைச் சொல்லிச் சிரிப்பார்கள். நான் பல் வைத்தியரிடம்கூட ஒரு மணித்தியாலம் முந்திப் போய்க் குந்துகிற ஆள். ஹம்மிலிருந்து மைன்ஸ் ரயில் பாதையில் ஏறக்குறைய முந்நூறு கிலோமீற்றர். கொலோனில் ஒரு மாற்றம், டிக்கட் 34.90 யூரோ. 12.05க்குப் போய்ச் சேர வேண்டும். கையில் ஒரு பெட்டி, கஜனுக்குப் பொரித்த மரக்கறி ரோல்ஸ்.

9.38க்கு வுப்பர்டால் நிலையத்தில் ரயில் நின்றது, நின்றபடியே இருந்தது. சமிக்ஞைக் கோளாறாம். எனக்கென்ன, மூன்றரைக்குத்தானே என்று ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வாழ்க்கையில் நான் பதறாமல் இருந்த மிகச் சில நிமிடங்களில் அவையும் அடங்கும். அப்போதுதான் கஜன் போன் எடுத்தான்.

"அக்கா, எங்க நிக்கிறியள்?"

"வுப்பர்டாலில. ரயில் நிண்டுட்டுது. அவசரமில்லை, மூண்டரைக்குத்தானே."

"என்ன மூண்டரை? நான் பன்னிரண்டுக்கு எறியிறன்."

"பன்னிரண்டு ஜெர்மன்காரரின்ரை எல்லோ?"

"அப்ப நான் ஆர், அக்கா?"

அவன் ஹம் ஆஸ்பத்திரியில் பிறந்த அன்று ஒன்பது வயதுப் பிள்ளையாக அவனைக் கையில் வாங்கியவள் நான். அவனுக்கு ஜெர்மன் பாஸ்போட் எடுக்க அலுவலகத்தில் அப்பாவுக்கு மொழிபெயர்த்ததும் நான்தான். எல்லாம் தெரிந்துகொண்டே அவனை வெளிநாட்டவரின் வரிசையில் விட்டிருக்கிறேன்.

"முழங்கை சரியில்லை. மூண்டு சுற்று எறிவன், கூடினால் நாலு. வந்திடுவியளோ?"

"வாறன்," என்றேன். வேறென்ன சொல்ல ஏலும்?

பேஸ்போல் தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். பந்து எறிபவரை ஒருமுறை வெளியே எடுத்தால் அந்த ஆட்டத்தில் திரும்ப உள்ளே விட மாட்டார்கள். ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய இருபது நிமிடம். நான் டிக்கட்டின் பின்பக்கத்தில் கூட்டிப் பார்த்தேன். மூன்று சுற்றென்றால் ஒரு மணிக்கு முடிந்தது. நாலென்றால் ஒன்று இருபது.

ரயில் 10.18க்கு அசைந்தது. கொலோனில் இறங்கியபோது 10.50. பிடிக்க வேண்டிய ரயில் போய்விட்டது. அடுத்தது 11.18. றைன் ஆற்றங்கரை நெடுகக் கோட்டைகளும் திராட்சைத் தோட்டங்களும் உண்டு, இடப்பக்க ஜன்னலில் இருந்தால் நன்றாகத் தெரியும் என்று எல்லோரும் எழுதுகிறார்கள். நான் இடப்பக்கத்தில்தான் இருந்தேன். மணிக்கூட்டைத் தவிர ஒன்றையும் பார்க்கவில்லை.

மைன்ஸ் 13.02. வாசலில் முதல் நின்ற டாக்சியில் ஏறினேன். கண்ணாடிக்குக் கீழே ஒட்டியிருந்த அட்டையில் தமிழ்ப் பெயர்.

"அண்ணை, பேஸ்போல் திடலுக்கு. கெதியாப் போங்கோ."

"அங்க என்ன?"

"தம்பி எறியிறான். இண்டைக்குக் கடைசி."

"எங்கட பெடியனோ? அப்ப ஏன் இவ்வளவு பிந்தினீங்கள்?"

சொன்னேன். ஆட்டங்கள் இரண்டு, பாஸ்போட் இரண்டு, நான் எடுத்த முடிவு, எல்லாம். சிரிப்பார் என்று நினைத்தேன். சிவப்பு விளக்கில் நின்றபோது முகத்தைத் திருப்பாமலே, "நானும் மூண்டரைக்குத்தான் போயிருப்பன், தங்கச்சி," என்றார்.

ஆறு கிலோமீற்றர், 19.40 யூரோ. மிச்சம் வாங்காமல் ஓடினேன். வாசலில் எட்டு யூரோ, அதே டிக்கட்டில் இரண்டு ஆட்டமும் பார்க்கலாம். நேரம் 13.21.

நடுவிலுள்ள மண்மேட்டில் அவன் நின்றான். நாலாவது சுற்று. முதுகில் எங்கள் அப்பாவின் பெயர். வலைக்குப் பக்கத்தில் ரோல்ஸ் பெட்டியோடு நின்றேன். அவன் கையை உயர்த்தினான். கால் தன்பாட்டில் திரும்பப் பார்த்தது. அங்கே குசினி இல்லை.

கண்ணை மூடாமல் பார்த்தேன். முதல் இரண்டு பந்துகளுக்கும் எதிராளியின் மட்டை காற்றை அடித்தது. மூன்றாவது மட்டைக்கு எட்டாமல் வெளியே போனது. நாலாவதும் வெளியே போன பிறகு கஜன் முழங்கையைப் பிடித்து உதறினான். ஐந்தாவதும் வெளியே. ஆறாவதை எதிராளி ஓங்கி அடித்தான், பந்து வேலிக்கு மேலால் போய் மரங்களுக்குள் விழுந்தது.

பயிற்சியாளர் நடந்து வந்து அவன் கையிலிருந்த புதுப் பந்தை வாங்கிக்கொண்டு அவனை வெளியே எடுத்தார். ஒலிபெருக்கியில் அவன் பெயரையும், ஹம் என்று ஊரையும் சொன்னார்கள். சனம் எழுந்து நின்று கைதட்டியது. நான் ஏற்கெனவே நின்றுகொண்டிருந்ததால் அழ மட்டுமே முடிந்தது.

வலைக்கு அந்தப் பக்கம் வந்தான். "கண்ணை மூடினீங்களோ?"

"இல்லை."

"எத்தினை பந்து பாத்தனீங்கள்?"

"ஆறு. கடைசிப் பந்தை அடிச்சுப்போட்டான்."

"அதையும் பாத்தனீங்கள்தானே. காணும், எனக்கு அது போதும்," என்று வலையின் கீழால் கையை நீட்டினான். ஒரு ரோல்ஸ் கொடுத்தேன். நான் ஓடி வந்ததில் அது நசிந்துபோய் இருந்தது.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். கொலோனில் மாறுவதற்கு ஒரு மணித்தியாலமாவது விட்டுப் பதியுங்கள். திடலில் நிழல் குறைவு, தொப்பி வேண்டும். நிலையத்திலிருந்து பேருந்தும் உண்டு, அவசரமில்லாதவர்களுக்கு அது காணும். முந்திப் போகிற பழக்கத்தை யார் பகிடி பண்ணினாலும் கைவிடாதீர்கள், எனக்கு அந்த ஆறு பந்தும் அதனால்தான் கிடைத்தன.

இன்னொன்று. ஒரு நாளில் இரண்டு ஆட்டம் இருந்து, எது உங்கள் பிள்ளையின் ஆட்டம் என்று சந்தேகம் வந்தால் பிள்ளையிடமே கேளுங்கள். எனக்குச் சந்தேகமே வரவில்லை. அதனால்தான் மூன்று சுற்றுப் போனது.