மூன்றாம் அடுக்கு ரெமெய்

ரெமெய்யை எடை போட்டவனை எடை போட எங்கள் குழுவில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அதை நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

ரெமெய் கபெஸ்தானிக்கு நாற்பத்து நான்கு வயது. சந்தைக்குள் செருப்புத் தைத்து, சாவி வெட்டித் தரும் கடை வைத்திருக்கிறாள். எங்கள் கத்தலான் ஊரில் ஆகஸ்டுத் திருவிழாவுக்கு மனிதர்மேல் மனிதர் ஏறி எட்டு அடுக்குக் கோபுரம் கட்டுவோம். அதில் ஒன்பது வருடமாக மூன்றாம் அடுக்கில் நிற்பவள் அவள். அவள் காலடியில் கசாப்புக்கடை ஜசிந்தின் தோள். அவள் தோள்மேல் நூற்றுமுப்பது கிலோ, அதன் உச்சியில் ஒரு குழந்தை. நான் கோபுரத்துக்கு முட்டுக்கொடுத்துத் தரையில் நெருக்கி நிற்கும் கூட்டத்தில் ஒருத்தி. முதுகைக் காக்க அவள் இடுப்பில் சுற்றும் ஏழு மீட்டர் கறுப்புத் துணியின் மறுமுனையை இழுத்துப் பிடிப்பதும் நான்தான்.

ஜனவரியில் ஒலெகெர் தலைவரானான். முப்பது வயது. முதல் வேலையாக ஒத்திகைக் கூடத்துக்கு எடை மெஷின் கொண்டுவந்தான். மூன்றாம் அடுக்கில் நிற்பவர்கள் அறுபத்தைந்து கிலோவைத் தாண்டக் கூடாதாம். ரெமெய் எழுபத்தொன்று. எல்லோர் முன்னாலும் சத்தமாகப் படித்தான். அவனுடைய தொப்பை மேசையைத் தொட்டுக்கொண்டிருந்தது. தலைவருக்கு எடை கிடையாது போலிருக்கிறது.

"ஆகஸ்டுக்குள்ள குறைங்க அக்கா. இல்லன்னா உங்க இடத்துக்கு வேற ஆள்தான்."

கெடுத்ததில் எனக்கும் பங்கு உண்டு. முட்டைக்கோஸ் சூப் குடித்தே என் நாத்தனார் இளைத்ததாகச் சொல்லி, பானையோடு கொண்டுபோய்க் கொடுத்தவள் நான். ரெமெய் பல்லைக் கடித்துக்கொண்டு ஆறு வாரம் அதையே குடித்தாள். அறுபத்தாறுக்கு வந்தாள். ஒலெகெர் கைதட்டினான்.

அடுத்த ஒத்திகையில் அவள் முழங்கால் வெடவெடவென்று ஆடியது.

"இறக்குங்க! எல்லாரையும் இறக்குங்க! இவ கால் நிக்கல!" என்று ஜசிந்த் கத்தினான்.

கத்தி முடிப்பதற்குள் கோபுரம் எங்கள் தலைமேல் சரிந்தது. நல்லவேளை, குழந்தைக்குத் தலைக்கவசம் இருந்தது, யாருக்கும் பெரிய அடி இல்லை. ரெமெய் அந்தக் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு அழுதாள். நான் வீட்டுக்குப் போய் மீதிச் சூப்பைச் சாக்கடையில் கொட்டினேன்.

சுகாதார நிலையத்து நர்சிடம் இருவரும் போனோம். அந்த அம்மாள் ஆறு வாரச் சாப்பாட்டைக் கேட்டுவிட்டு, ரெமெய்யின் தொடையைத் தொட்டுப் பார்த்தாள்.

"கொழுப்போட சேர்த்துச் சதையையும் கரைச்சிருக்கம்மா நீ. உடம்புக்கு நீ ஒண்ணும் போடல, அது தன்னையே தின்னுடுச்சு."

"அப்போ இளைக்கவே கூடாதா?"

"இளைக்கலாம், அவசரப்படாத. மூணு வேளையும் முட்டை, மீன், பருப்புன்னு ஏதாவது தட்டுல இருக்கணும். ரொட்டிய பாதியாக்கு, நிறுத்தாத. வாரம் மூணு நாள் பாரம் தூக்கு, நடுவுல ஓய்வெடு. நல்லாத் தூங்கு. வாரத்துக்கு அரைக் கிலோவுக்கு மேல குறைஞ்சா சந்தோஷப்படாத, என்கிட்ட வா."

சாப்பிட ஆரம்பித்ததும் அறுபத்தொன்பதுக்கு ஏறினாள். ஒலெகெர் உதட்டைப் பிதுக்கினான். அவள் மதியம் பருப்பும் மத்தி மீனும் தின்றாள். சாயங்காலம் கடையை மூடிவிட்டு, ஜசிந்தின் கிடங்கில் உப்பு மூட்டையைத் தோளில் வைத்து உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்தாள். முதலில் பத்துக் கிலோ, பிறகு இருபது, ஜூலையில் நாற்பது. எடை மட்டும் அறுபத்தெட்டில் ஆணி அடித்ததுபோல் நின்றுவிட்டது.

ஒருநாள் துணி சுற்றும்போது என் கைக்குத்தான் முதலில் தெரிந்தது. எப்போதும் ஏழு சுற்றில் முடியும் துணி எட்டாவது சுற்றும் வந்தது. இடுப்பு சுருங்கியிருக்கிறது, கிலோ குறையவில்லை. போன கொழுப்பின் இடத்தில் சதை வந்திருக்கிறது. சந்தோஷம் தாங்காமல் ஒலெகெரைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"துணிக்கணக்கு எனக்கு வேண்டாம். மெஷின் பொய் சொல்லாது. ஏமாத்துறாங்க," என்றான்.

ஏமாற்றுகிறாளாம்! இந்த வார்த்தையை மட்டும் என்னால் மன்னிக்க முடியாது.

அவள் இடத்துக்குப் புருனா என்ற பத்தொன்பது வயதுப் பெண்ணைப் போட்டான். ஐம்பத்தாறு கிலோ. அவளுக்கும் ஒரு கணக்குக் கொடுத்திருந்தான்: இன்னும் இரண்டு கிலோ குறைக்க வேண்டுமாம். பாவம், அந்தப் பெண் அவன் சொன்னதையெல்லாம் கேட்டாள்.

திருவிழாவன்று சதுக்கம் நிரம்பி வழிந்தது. ரெமெய் என் பக்கத்தில், தரைக்கூட்டத்தில், துணி சுற்றிக்கொண்டு நின்றாள். ஒன்பது வருடத்தில் முதல் தடவையாக அவளுக்கு மேலே ஏற இடமில்லை. ஜசிந்த் இரண்டாம் அடுக்குக்கு ஏறத் தயாரானவன் புருனாவைப் பார்த்தான். அவள் உதடு வெளுத்திருந்தது.

"பொண்ணே, காலைல என்ன சாப்பிட்ட?"

"காபி."

"நேத்து ராத்திரி?"

அவள் இல்லையென்று தலையை ஆட்டினாள்.

ஜசிந்த் இடுப்பில் கைவைத்து நின்றுவிட்டான். "தலைவரே, சாப்பிடாதவள நான் தோள்ல ஏத்த மாட்டேன். மேல ஒரு குழந்தை போகுது."

"இப்ப வந்து வம்பு பண்ணாதீங்க!"

"வம்பா? போன தடவை கோபுரம் சரிஞ்சப்போ எலும்புல தாங்கினது நான். நீ நோட்டுப் புத்தகத்த வச்சுக்கிட்டு ஓரமா நின்ன."

ஜசிந்த் இல்லாமல் கோபுரமே இல்லை. ஒலெகெரின் முகம் சிவந்தது. ரெமெய் பக்கம் திரும்பினான். "அக்கா, ஏறுங்க. சீக்கிரம்."

ஒரு மன்னிப்பு? ஒரு வார்த்தை? ஒன்றும் கிடையாது.

ரெமெய் அசையவில்லை. சுவரோரம் உட்கார்ந்து அழுத புருனாவைக் காட்டினாள். "முதல்ல அவகிட்ட போய்ச் சொல்லு."

"என்னன்னு?"

"பட்டினி போட்டது நீன்னு. அவ தோக்கலன்னு."

"கோபுரம் ஏறக் குழல் ஊதப் போறாங்க அக்கா!"

"காத்து நிக்கட்டும்."

சதுக்கமே பார்க்க, அவன் போனான். குனிந்து என்னவோ முணுமுணுத்தான். அப்புறம்தான் ரெமெய் ஏறினாள். கீழே என் கன்னம் யாருடைய முதுகிலோ அழுந்தியிருந்ததால் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. குழந்தை உச்சியில் கையை உயர்த்தியதைக் கூட்டத்தின் கூச்சலில் அறிந்தேன். ஒவ்வொருவராக இறங்கினார்கள். ஒருவரும் விழவில்லை.

இறங்கியதும் ரெமெய் தன் பையிலிருந்த ஆம்லெட் வைத்த ரொட்டியைப் புருனாவின் கையில் திணித்தாள். அதற்குள் உள்ளூர் வானொலிக்காரர் நேரலையில் ஒலெகெரின் வாயருகே மைக்கை நீட்டியிருந்தார்.

"எங்க எடைக் குறைப்புத் திட்டத்துக்குக் கிடைச்ச வெற்றி இது," என்றான் அவன், கொஞ்சமும் கூசாமல்.

ரெமெய் வாயைத் திறப்பதற்குள், வாய்நிறைய ரொட்டியோடு புருனா எழுந்து போய் மைக்கைப் பிடித்து இழுத்தாள்.

"ரெண்டு நாளா நான் வெறும் காபிதான் குடிச்சேன். அதையும் சொல்லுங்க! ஏறினது நல்லாச் சாப்பிட்ட ரெமெய் அக்கா!"

அது அப்படியே ஊர் முழுக்கக் கேட்டது.