எவரிஸ்தோ சொன்ன ஆயிரத்துப் பத்து

எவரிஸ்தோ சசுவெத்தாவின் முகத்தைப் புதிதாகப் பார்க்கிறவர்கள் எந்த லாரி ஏறியது என்று கேட்பார்கள். மூக்கு ஒரு பக்கம், தாடை ஒரு பக்கம், காது இரண்டும் பிசைந்து வைத்த மாவு. எங்கள் தீஹுவானா நகரத்தின் குத்துச்சண்டை மேடைகளில் இளமை முழுவதையும் அடித்தும் அடிபட்டும் கழித்தவன். மேடையை விட்டு இறங்கி மினிபஸ் ஓட்டப் போன பிறகும் கை அடங்கவில்லை. குறுக்கே வந்த டாக்ஸிக்காரனை ஜன்னல் வழியாகவே வெளியே இழுத்துப்போட்டு மிதித்திருக்கிறான். சில்லறைக்கு வாய் கொடுத்த ஒருத்தனின் முன்பல் பஸ் படிக்கட்டிலேயே விழுந்தது. மனைவி ஒபுதூலியா மேல் மட்டும் ஒரு நாளும் கை வைத்ததில்லை. வைத்திருந்தால் ரொட்டிக்கல்லால் அவன் மண்டையைப் பிளந்திருப்பாள்.

மேடையில் அவன் கொடுத்ததிலேயே பெரிய அடி நசாரியோ புயெல்னாவுக்கு விழுந்தது. வாங்கியதிலேயே பெரிய அடியும் நசாரியோவிடம்தான். பத்து ரவுண்டு, இரண்டு பேரும் கசாப்புக்கடை மாதிரி ஆன பிறகு நடுவர் எவரிஸ்தோவின் கையைத் தூக்கினார். மறு வருடம் எவரிஸ்தோவின் மகளுக்கு ஞானஸ்நானம். ஞானத்தகப்பனாக நின்றவன் அதே நசாரியோ. எங்கள் ஊரில் அப்படித்தான். ஒருத்தனை அந்த அடி அடித்துவிட்டுச் சொந்தக்காரனாக்கிக்கொள்ளாமல் எப்படி விடுவது? அன்றிலிருந்து ஒருவரையொருவர் ஞான உறவுமுறை சொல்லி 'கொம்பாத்ரே' என்றுதான் கூப்பிடுவார்கள், திட்டும்போதுகூட. எதிரெதிர் வீட்டில் குடியிருந்தார்கள்.

அந்தச் சண்டையின் எட்டாவது ரவுண்டில் நசாரியோவின் கையுறைக் கட்டைவிரல் எவரிஸ்தோவின் வலது கண்ணுக்குள் போனது. அத்தோடு அந்தக் கண் அவிந்தது. அவன் யாரிடமும் சொல்லவில்லை. லைசென்ஸுக்கான கண் பரிசோதனையில் தனக்கு முன்னால் வரிசையில் நின்றவர்கள் ஒப்பித்த எழுத்துகளைக் காதால் கேட்டு மனப்பாடம் செய்தான். இப்போது ஒரு வருடமாக இடது கண்ணிலும் புகை மூட்டம். பஸ் நிறைய ஜனத்தை ஏற்றிக்கொண்டு, பழகிய தடம்தானே என்று உத்தேசமாக ஓட்டினான், படுபாவி! சொன்னால் ஸ்டியரிங் போகும், சோறு போகும். அதையெல்லாம் விட, கொம்பாத்ரே தன் முன்னால் தலை குனிந்து நிற்பான். அதைப் பார்க்க இவன் தயாராக இல்லை. வீம்பு, வேறென்ன.

எங்கள் தெருவில் பாதிப்பேர் வீட்டிலேயே பீர் காய்ச்சுகிறவர்கள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நசாரியோவின் முற்றத்தில் கறி சுடும்போது அவரவர் காய்ச்சியதைக் கொண்டுவந்து, உயரமான கண்ணாடிக் குடுவையில் ஊற்றி, ஹைட்ரோமீட்டரை மிதக்கவிடுவோம். வெறும் தண்ணீரில் அந்தக் குழல் ஆயிரத்தில் நிற்கும். சர்க்கரை மிச்சமிருந்தால் மேலே தூக்கிக்கொண்டு பெரிய எண்ணைக் காட்டும். ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று முடித்ததா இல்லையா என்று அந்த ஒரு கோடுதான் சொல்லும். முடிக்கும் முன்னால் பாட்டிலை மூடினால் உள்ளே வாயு பெருகி வெடித்துவிடும்.

அன்று எவரிஸ்தோ தன் பேத்தியின் ஞானஸ்நானத்துக்காகக் காய்ச்சிய கறுப்பு பீரைக் கொண்டுவந்திருந்தான்.

"என்னய்யா சொல்லுது?" என்றான் நசாரியோ, கறியைத் திருப்பிப் போட்டுக்கொண்டே.

"ஆயிரத்துப் பத்து. நாளைக்கே பாட்டில்ல ஊத்தி மூடிடலாம்."

நசாரியோ வந்து, குழலை விரலால் சுழற்றி ஒட்டியிருந்த குமிழிகளை உதறிவிட்டு, முட்டி போட்டு மட்டத்துக்குக் கண்ணை வைத்துப் பார்த்தான்.

"பத்தா? யோவ், பதினெட்டுய்யா! சக்கரை அப்படியே கெடக்கு. இப்ப மூடினேன்னா அது பாட்டில் இல்ல, வெடிகுண்டு."

"பத்துன்னா பத்து."

"குனிஞ்சு பாத்தியா நீ? நின்னுக்கிட்டே ஜோசியம் சொல்றே! எங்க, பத்து எங்க இருக்குன்னு விரல் வச்சுக் காட்டு பாப்போம்."

எல்லோரும் சிரித்தார்கள். எவரிஸ்தோவின் விரல் எழவில்லை. அவன் எந்தக் கோட்டையும் படித்திருக்கவில்லை. இந்த பீர் எப்போதும் பத்தில் வந்து நிற்கும் என்பது அவனுக்கு மனப்பாடம், அதைத்தான் ஒப்பித்தான்.

"கண்ணு தெரியலன்னா கண்ணாடி வாங்கிப் போடு, கொம்பாத்ரே. வெக்கமென்ன?"

நசாரியோ அதைக் கிண்டலாகத்தான் சொன்னான். சொல்லி முடிப்பதற்குள் எவரிஸ்தோவின் இடது கை அவன் தாடையில் இறங்கியது. எலும்பு முறிந்த சத்தம் அடுப்பருகில் நின்ற எங்களுக்கும் கேட்டது. கீழே விழுந்தவன் மேல் ஏறி உட்கார்ந்து இன்னும் இரண்டு குத்து. நாலு பேர் சேர்ந்துதான் பிய்த்து எடுத்தோம். குடுவை உடைந்து, பீரும் ரத்தமும் கறி எலும்பும் முற்றமெல்லாம் கிடந்தன. நசாரியோவின் தாடையை டாக்டர் கம்பி போட்டுக் கட்டினார். அவன் வாயைத் திறக்க முடியாமல் உறிஞ்சு குழலில் சூப் குடித்தான்.

"ஏன் கிழவா, இன்னும் மூணு நாள் வச்சு மறுபடியும் பாத்தா கொறஞ்சா போயிடுவே? எண்ணு அசையாம நின்னா அப்புறம் மூடேன்" என்றாள் ஒபுதூலியா. எவரிஸ்தோ காதில் வாங்கவில்லை. அவன் இப்போது பீரைப் பற்றி யோசிக்கவேயில்லை. பத்து என்று சொல்லியாயிற்று, அதற்காக ஒருத்தன் தாடையையும் உடைத்தாயிற்று. வீட்டில் மீதியிருந்த பீர் அத்தனையையும் பாட்டிலில் அடைத்து மூடி, துணி துவைக்கும் தகர அறையில் அடுக்கினான்.

இரண்டு வாரம் கழித்துப் பாலைவனத்திலிருந்து சாந்த அனா என்கிற வறண்ட காற்று அனலாக இறங்கியது. தகரம் கொதித்தது. ஒபுதூலியா சோப்புத்தூள் எடுக்க உள்ளே போன நேரம், முதல் பாட்டில் வெடித்தது. அதன் சிதறல் பக்கத்துப் பாட்டிலை உடைக்க, அது அடுத்ததை உடைக்க, அறை முழுக்கப் படபடவென்று வெடித்தது. துப்பாக்கிச் சூடு என்று தெருவில் ஜனம் தரையில் படுத்தது.

எவரிஸ்தோ போர்வையைத் தலையில் போட்டுக்கொண்டு உள்ளே பாய்ந்தான். கண்ணாடி அவன் முதுகிலும் தொடையிலும் குத்தியது. மனைவியை அக்குளில் பிடித்து வெளியே இழுத்துப் போட்டான். அவள் மேலெல்லாம் ஈரம். எது நுரை, எது ரத்தம்? அவன் கை தடவிப் போய், அவள் வலது தோளைக் கண்டுபிடித்து, பலம் கொண்ட மட்டும் அழுத்தியது.

"அங்க இல்ல!" என்று அலறினாள். "இடது கையி! முழங்கைக்குக் கீழ! பீச்சியடிக்குது, தெரியலையா உனக்கு?"

அவன் கை மறுபடியும் தப்பான இடத்துக்குப் போனது. தெருவைத் தாண்டி ஓடிவந்த நசாரியோ அவனைத் தோளால் இடித்துத் தள்ளிவிட்டு, வெட்டுப்பட்ட இடத்தைக் கண்டு, இடுப்பு பெல்ட்டைக் கழற்றி இறுக்கிக் கட்டினான். எவரிஸ்தோ மினிபஸ் சாவியை நீட்டினான்.

"நீ ஓட்டு."

முதல் தடவையாக அந்தச் சாவி இன்னொருவன் கைக்குப் போனது. நசாரியோ ஹார்னை அழுத்திக்கொண்டு மேட்டை விட்டு இறங்கினான். பின்சீட்டில் ஒபுதூலியா, வெளுத்த முகத்தோடு, புருஷனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கிழவா, ரத்தம் எங்க வருதுன்னு உனக்குத் தெரியல."

"பதட்டம்டி. கண்ணுல நுரை பட்டுடுச்சு."

அவள் நல்ல கையை அவன் முகத்துக்கு நேராக, நிதானமாக, நன்றாகத் தெரியும்படி ஓங்கினாள். எத்தனையோ பேரின் குத்துக்கு நூலிழையில் தப்பிய அந்தத் தலை அசையவேயில்லை. அறை பளாரென்று விழுந்தது. அவன் திடுக்கிட்டுப் போனான்.

"எத்தன நாளா?" என்று கேட்டாள். அவளுக்கு அழுகை பொங்கியது. "சொல்லு, எத்தன நாளா என் மூஞ்சி உனக்குத் தெரியல?"

"இடது ஒரு வருஷமா." அவன் தலையை அவள் மடியில் கவிழ்த்துக்கொண்டான். "வலது எப்பவோ போச்சு. எட்டாவது ரவுண்டுல."

முன்சீட்டில் நசாரியோவின் முதுகு குலுங்கியது. வாய்விட்டுக் கதறப் பார்த்தான். தாடைக் கம்பி விடவில்லை. மூக்கால் மட்டும் ஒரு சத்தம் வந்துகொண்டே இருந்தது. வண்டியை மட்டும் அவன் நிறுத்தவில்லை.