சார் ஒட்டிய ஸ்டிக்கர்

திண்டிவனத்தில் எங்கள் வீட்டிலேயே ஒரு பழைய கம்ப்யூட்டரை வைத்து டைப்பிங் வேலை செய்கிறேன். அதில் மேலே ஒன்று, கீழே ஒன்று என இரண்டு ஃபிளாப்பி டிரைவ்கள். மேல் டிரைவ் மக்கர் பண்ணியபோது, அதற்குப் போகும் கட்டளைகளையெல்லாம் கீழ் டிரைவுக்குத் திருப்பிவிட்டிருந்தேன்.

விழுப்புரத்திலிருந்து ஒரு கல்லூரி ஆசிரியர் தன் ஆய்வேட்டு ஃபிளாப்பியை நகலெடுக்கக் கொண்டுவந்தார். ஃபிளாப்பியின் ஓரத்திலுள்ள வெட்டில் ஸ்டிக்கர் ஒட்டிவிட்டால் பூட்டியது மாதிரி, எதையும் அழிக்க முடியாது. ஒட்டித்தான் கொடுத்தார். "தப்பா எடுத்துக்காதீங்கம்மா. ரெண்டு வருஷ உழைப்பு, வேற காப்பி இல்ல" என்றார். எனக்குச் சுருக்கென்றது. நான் என்ன நேற்று கம்ப்யூட்டர் பார்த்தவளா?

மேல் டிரைவ் அப்போதுதான் ரிப்பேராகி வந்திருந்தது. அவருடையதைக் கீழே போட்டேன். நகலுக்காக என் பழைய ஃபிளாப்பியை மேலே போட்டு, அதிலிருப்பதை எல்லாம் அழிக்கச் சொன்னேன். கீழ் டிரைவில் விளக்கு எரிந்தது! திருப்பிவிட்டதை மாற்ற மறந்திருக்கிறேன். நல்லவேளை, பூட்டிய ஃபிளாப்பியை அழிக்க முடியாது என்று திரையில் வந்தது.

"ஏன் இப்படி வேர்த்துக்கினு உக்காந்திருக்க?" என்றார் கணவர். அவரிடமும் சொல்லவில்லை, மாலையில் நகலை வாங்க வந்த ஆசிரியரிடமும் சொல்லவில்லை.

இப்போதெல்லாம் எதையும் அழிக்கும் முன் உள்ளே இருப்பது யாருடையது என்று பார்த்துவிடுகிறேன். யார் ஃபிளாப்பி கொடுத்தாலும் முதல் வேலையாக நானே ஸ்டிக்கர் ஒட்டுகிறேன்.

"என்னம்மா, எங்க மேல நம்பிக்கை இல்லியா?" என்று சிலர் கேட்பார்கள்.

"என் மேலதாங்க இல்ல" என்பேன்.