சந்தனம் வைத்த குறடுகள்

தீப்பெட்டி அளவில் ஓர் அட்டைச் சீட்டு என்னிடம் இருக்கிறது. மூலையில் நூல் கோக்க ஒரு துளை. நடுவில் 'ஏற்கப்பட்டது' என்று ஆங்கிலத்தில் பச்சை முத்திரை, அதன் கீழே நீலப் பேனாவில் தேதி. நாளும் மாதமும் தெளிவாக இருக்கின்றன, அக்டோபர். ஆண்டின் கடைசி இலக்கத்தில் மட்டும் எண்ணெய் ஊறி மை பரவிவிட்டது. மாமா ஓர் ஆண்டைச் சொல்கிறார், அம்மா அதற்கு முந்தைய ஆண்டைச் சொல்கிறாள். அன்றைய தினம் விஜயதசமிக்கு மறுநாள் என்பதில் இருவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. பழைய காலண்டர்களைத் தேடிப் பிடித்துச் சரிபார்த்தேன். அம்மாதான் ஜெயித்தாள். நான் அப்போது நான்காம் வகுப்பு. பெங்களூர் ஸ்ரீராம்புரத்தில் மெட்ரோவுக்கான தூண்கள் நின்றிருந்தன. மேலே ரயில் இன்னும் வரவில்லை.

தாத்தாவின் வீட்டில்தான் எல்லோரும் இருந்தோம். ஒரு கூடம், ஓர் அறை, ஒரு சமையலறை. அறை அம்மாவுக்கும் எனக்கும். அப்பாவுக்கு ரயில்வேயில் வேலை, பண்டிகை வந்தால் அவர் எங்காவது ஒரு ஸ்டேஷனில் கொடி காட்டிக்கொண்டிருப்பார். கூடத்தில் குறுக்கே கட்டிய ஒரு பூப்போட்ட திரைக்கு இந்தப் பக்கம் தாத்தா, அந்தப் பக்கம் மாமாவும் அத்தையும். மாமா அம்மாவின் தம்பி. பொம்மசந்திராவில் ஒரு சின்னப் பட்டறையில் அசெம்பிளியைப் பார்த்துக்கொண்டார்.

சைக்கிள் ஸ்டாண்டு செய்துகொண்டிருந்த அந்தப் பட்டறை அந்த வருடம் மல்டி டூல் செய்ய இறங்கியிருந்தது. சட்டைப்பையில் அடங்கும் ஒரு குறடு. கைப்பிடிகளை விரித்தால் உள்ளேயிருந்து கத்தி, ரம்பம், அரம், ஸ்க்ரூடிரைவர், டப்பா திறப்பான் என்று ஒவ்வொன்றாகத் தலை நீட்டும். வெளிநாட்டுக் கம்பெனி ஒன்று வாங்குவதாகச் சொல்லியிருந்தது. முதல் தடவை அனுப்பியதைத் திருப்பிவிட்டார்கள். உடைந்ததாலோ துருப்பிடித்ததாலோ அல்ல. ஒன்று இறுக்கமாகத் திறந்தது, ஒன்று தொளதொளவென்று திறந்தது, அவ்வளவுதான். இது இரண்டாவது வாய்ப்பு. இதிலும் தேறாவிட்டால் பட்டறை மறுபடி சைக்கிள் ஸ்டாண்டுக்குப் போகும். மாமா மஸ்கட்டுக்குப் போவார். அங்கே ஒரு வேலை காத்திருந்தது, பாஸ்போர்ட்டும் தயாராக பீரோவில் இருந்தது. மஸ்கட் என்றால் எனக்கு அல்வாதான் தெரியும். ஆனாலும் மாமா போகக் கூடாது. என்னை வண்டியின் முன்னால் நிற்கவைத்து ஓட்டுகிறவர் வேறு யாரும் அந்த வீட்டில் இல்லை.

ஆயுத பூஜைக்கு முந்தைய நாள் சாயங்காலம் மாமா ஒரு இனிப்புப் பெட்டியோடு வந்தார். பாய்ந்து போய்த் திறந்தேன். உள்ளே பஞ்சுப் படுக்கையில் இருபது மல்டி டூல்கள். பட்டறைக்கு இரண்டு நாள் விடுமுறை. வாங்குகிறவரின் ஆள் விஜயதசமிக்கு மறுநாள் காலையில் ஒரு ஓட்டலில் வைத்துப் பார்ப்பதாக ஏற்பாடு. பட்டறைப் பூட்டின் மேல் மாமாவுக்கு நம்பிக்கை இல்லை.

இனிப்பு இல்லையே என்ற ஏமாற்றம் ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை. ஒன்றை எடுத்து விரித்தேன். 'டக்'. அந்தச் சத்தம்! மூடினேன், மறுபடி விரித்தேன். அடுத்தது, அதற்கடுத்தது. பத்தொன்பதும் ஒரே குரலில் 'டக்' என்றன. ஒன்று மட்டும் வெண்ணெயில் விரலை விட்டது போல வழுக்கிக்கொண்டு திறந்தது. தூக்கிக்கொண்டு ஓடினேன்.

"மாமா, இதுதான் ஃபர்ஸ்ட்டு!"

மாமாவின் முகம் மாறியது. வாங்கி, கண்ணை மூடிக்கொண்டு, இரண்டு தடவை திறந்து பார்த்தார்.

"ஃபர்ஸ்ட்டுன்னு ஒண்ணு இருந்தா நான் ஃபெயிலுடி. அவன் கண்ண மூடிக்கினு அஞ்ச எடுப்பான். அஞ்சும் ஒண்ணு போல தொறக்கணும்."

"இது நல்லாருக்கே?"

"ரொம்ப நல்லாருக்கறதும் குத்தம்தான்."

நட்சத்திரத் தலை ஸ்க்ரூடிரைவரால் மூட்டிலிருந்த திருகாணியை ஒரு மயிரிழை திருகி, நான் கண்டுபிடித்த முதல் ரேங்க் மாணவனைக் கும்பலில் ஒருவனாக்கிவிட்டார். எனக்கு அழுகை வந்தது. பள்ளிக்கூடத்தில் இதற்கு நேர்மாறாக அல்லவா சொல்லிக்கொடுத்தார்கள்?

மறுநாள் காலை மாமா பூசணிக்காய் வாங்க மார்க்கெட்டுக்குப் போனார். அன்று பெங்களூரில் பூசணிக்காய் வாங்குவதென்றால் அரை நாள் வேலை. அதற்குள் அத்தை பூஜைக்கு அடுக்கினாள். என் புத்தகங்கள், அரிவாள்மணை, தாத்தாவின் சுத்தியல், அம்மாவின் தையல் மெஷின். பிறகு இனிப்புப் பெட்டியைப் பார்த்தாள். வீட்டில் புதிதாக இருபது ஆயுதங்கள் இருக்கும்போது அவற்றைப் பெட்டிக்குள் விட்டு வைப்பதா? ஒவ்வொன்றையும் முழுக்க விரித்து, கத்திக்கு ஒரு பொட்டு, ரம்பத்துக்கு ஒரு பொட்டு, அரத்துக்கு ஒரு பொட்டு என்று சந்தனத்தைக் குழைத்து வைத்தாள். ஒரு கைப்பிடிக்குள் ஒன்பது ஆயுதம் இருந்தால் ஒன்பதுக்கும் தனி மரியாதை. பொட்டு நன்றாக ஒட்டுகிற இடம் மூட்டுதான், ஆகவே மூட்டில். அதன் மேல் குங்குமம். நான் சந்தனக் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டேன். இருபதும் சாமி படத்துக்கு முன்னால் கால் விரித்த சிலந்திகளைப் போல வரிசையாக நின்றன. அவ்வளவு அழகான ஆயுத பூஜையை அதற்குப் பிறகு நான் பார்க்கவில்லை.

மாமா உள்ளே வந்தார். பூசணிக்காய் உடைய வேண்டிய இடம் வாசல். உடைந்தது கூடத்தில்.

"ஐயோ! என்னாடி பண்ணி வெச்சிருக்கே?"

"ஏங்க, உங்க டூலுதானே. நல்லா நடக்கட்டும்னுதான்…"

மாமா கையை நீட்ட, தாத்தா குறுக்கே வந்தார்.

"டேய், பூஜைல வெச்ச ஆயுதத்த நாளைக்கு பூஜை முடியறவரைக்கும் தொடக் கூடாது."

"அப்பா, இது ஆயுதம் இல்ல. சாம்பிள்!"

"கத்தி இருக்கா?"

"இருக்கு."

"ரம்பம் இருக்கா?"

"இருக்கு."

"அப்ப ஆயுதம்தான். போய்க் குளி."

மாமா குளித்தார். அன்று முழுவதும் சாமி படத்தையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். அவருக்கு அவ்வளவு பக்தி உண்டென்று எனக்கு அதுவரை தெரியாது.

விஜயதசமி காலை தாத்தா கற்பூரம் காட்டி முடித்த அடுத்த நொடி மாமா ஒன்றை எடுத்தார். அசையவில்லை. சந்தனம் காய்ந்து சிமெண்டாகியிருந்தது. ஆணியைத் தளர்த்தி, மண்ணெண்ணெயில் நனைத்து, பழைய பல்தேய்ப்பானால் தேய்த்து, தையல் மெஷின் எண்ணெய் விட்டு, மறுபடி முடுக்க வேண்டும். வீடே உட்கார்ந்தது. ஆளுக்கு நான்கு. நட்சத்திரத் தலை ஸ்க்ரூடிரைவர் வீட்டில் இரண்டுதான், கை மாற்றிக்கொண்டோம். பண்டிகையன்று மண்ணெண்ணெய் நாற்றத்தில் தரையில் உட்கார்ந்து, பெரியவர்களுக்குச் சமமாக எனக்கும் நான்கு! அதைவிடச் சந்தோஷம் எனக்கு வேறென்ன வேண்டும்?

மதியத்துக்குள் இருபதும் பளபளத்தன. மாமா கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொன்றாகத் திறந்தார். ஐந்தாவதில் நிறுத்திவிட்டார்.

தாத்தா முடுக்கியவை அவருடைய ஊறுகாய் ஜாடி மாதிரி. திறக்க இரண்டு ஆள் வேண்டும். அம்மா எதையும் இறுக்கிக் கட்ட மாட்டாள், என் பின்னலைக்கூட. அவளுடைய நான்கும் தூக்கியதும் தாமாக வாயைத் திறந்தன. என்னுடையவை அந்த இரண்டுக்கும் நடுவில் நான்கு விதம்.

"நேத்து வரைக்கும் ஒரே வயித்துல பொறந்த மாதிரி இருந்திச்சி. இப்ப பாரு, இருபதும் இருபது ஊரு," என்றார் மாமா.

அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டு ஆட்டோக்காரர் கடலையும் பொரியும் கொண்டுவந்தார். கூடத்தைச் சுற்றிப் பார்த்தார்.

"ஏனு சார் இது, வூட்டுலயே ஃபேக்டரி போட்டுட்டீங்களா? யாரு சூப்பர்வைசர்?"

"எல்லாருமே சூப்பர்வைசர். அதான் கஷ்டமே," என்றார் மாமா. சொல்லிவிட்டு, தான் சொன்னதையே ஏதோ வேறு யாரோ சொன்னது போல யோசித்தார். பிறகு துள்ளி எழுந்தார்.

"அக்கா, எல்லாத்தையும் நடுவுல போடு. ஆளுக்கு நாலு இல்ல. ஆளுக்கு ஒரு வேல!"

தாத்தா தளர்த்துவார், வேறு எதையும் தொட மாட்டார். அம்மா தேய்ப்பாள். நான் துடைத்து, தீக்குச்சி நுனியால் எண்ணெய் வைப்பேன். மாமா முடுக்குவார். அத்தை பார்த்துப் பெட்டியில் வைப்பாள். எதை வைத்துப் பார்ப்பது? மாமாவின் சட்டைப்பையில் எப்போதும் இருக்கும் ஒன்று சந்தனத்துக்குத் தப்பியிருந்தது. இந்த இருபதுக்கும் அதுதான் மூலம். அதன் ஒரு கைப்பிடியை மேஜை ஓரத்தில் அழுத்திப் பிடித்து, மற்றக் கைப்பிடியில் வீட்டுச் சாவிக்கொத்தை மாட்டினார். மடாரென்று விழுந்தது. பீரோச் சாவியைக் கழற்றினார். மெல்ல, ஒரு தலையசைப்பு மாதிரி இறங்கியது.

"அவ்ளோதான். இது மாதிரி எறங்கணும். சீக்கிரமும் கூடாது, லேட்டும் கூடாது."

"சாவிக்கொத்து எவ்ளோ வெயிட்டு மாமா?"

"எவ்ளோவா இருந்தா என்னா? சாயங்காலம் வரைக்கும் மாறாம இருந்தா போதும். யாரும் வெளிய போகாதீங்க. கதவுச் சாவி இதுலதான் இருக்கு."

அதன் பிறகு அந்தக் கூடத்தில் நடந்ததை எப்படிச் சொல்வது! தளர்த்து, தேய், துடை, முடுக்கு, தொங்கவிடு. தாத்தா அவசரப்படுத்தினார், அம்மா "சும்னிருங்கப்பா" என்று கன்னடம் கலந்து அடக்கினாள், என் விரலிலிருந்து எண்ணெய் முழங்கை வரை ஓடியது. ஒவ்வொன்றும் சாவியோடு தலையசைத்து இறங்கும்போது எல்லோரும் சேர்ந்து "ஹா!" என்றோம். பத்தாவதுக்குப் பிறகு கைகள் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு ஓடின. பொழுது சாய்வதற்குள் இருபதும் முடிந்து மாமா எழுந்து நின்று சோம்பல் முறித்தபோது, அத்தை மட்டும் பெட்டியை மறுபடி திறந்து முதலிலிருந்து பார்க்க ஆரம்பித்தாள். ஒன்றை எடுத்து நீட்டினாள்.

"ஏங்க, இது கொஞ்சம் அவசரப்படுது."

மாமா பார்த்தார். "விடு, அவன் கண்டுபுடிக்க மாட்டான்."

"நான் கண்டுபுடிச்சிட்டனே."

மாமா உட்கார்ந்து மறுபடி முடுக்கினார்.

மறுநாள் மத்தியானம் தெருமுனையிலேயே மாமாவின் ஹார்ன் கேட்டது. விட்டு விட்டு, பாட்டு மாதிரி. அந்த ஆள் கண்ணை மூடிக்கொண்டு ஐந்தை எடுத்தாராம். முதலாவதைத் திறந்து 'ஸேம்' என்றாராம், இரண்டாவதுக்கும் 'ஸேம்', ஐந்தாவதுக்குச் சிரித்தாராம். மூக்கருகில் கொண்டுபோய் ஒரு தடவை முகர்ந்தும் பார்த்தாராம். மாமா சீட்டை என் கையில் கொடுத்தார். நான் குதித்தேன், தாத்தா ஆட்டோக்காரரைக் கூப்பிட்டுச் சொன்னார், அம்மா மஸ்கட் கம்பெனிக்கு இன்றைக்கே போன் பண்ணி வரவில்லை என்று சொல்லிவிடு என்றாள்.

இந்தச் செய்தியை அத்தைக்கு நான்தான் முதலில் சொல்ல வேண்டுமென்று சமையலறைக்கு ஓடினேன். அவள் சுவரைப் பார்த்து நின்றிருந்தாள். கண் சிவந்திருந்தது.

"தெரியும், கேட்டுச்சி. கண்ணுல மண்ணெண்ணெய் பட்டுடுச்சி, போ," என்றாள்.

மண்ணெண்ணெய் நேற்றைய வேலை என்பது எனக்கு உறைக்கவில்லை. சந்தோஷத்தில் அழுகிறாள் என்று கூடத்தில் போய்ச் சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள்.

எனக்குக் கல்யாணமாகி பிரேசர் டவுனில் தனிக் குடித்தனம் வைத்தபோது அத்தை வீடு பார்க்க வந்தாள். இரண்டு அறைக் கதவுகளையும் ஒருமுறை சாத்தித் திறந்து பார்த்துவிட்டு, அப்போதுதான் சொன்னாள். மஸ்கட்டில் குடும்பத்தோடு இருக்க கம்பெனியே வீடு கொடுப்பதாக இருந்தது. இரண்டு அறை, கதவோடு. எந்த அறையில் எதை வைப்பது என்றுகூட அவள் முடிவு செய்துவிட்டிருந்தாள். கல்யாணமாகி இரண்டு வருடம் ஒரு திரைக்குப் பின்னால் குரலைத் தாழ்த்தியே பேசிப் பழகிய பெண் அவள். அவசரப்பட்ட அந்த ஒன்றை அவள் பெட்டியிலேயே விட்டிருக்கலாம்.

"ஏன் அத்தை விடல?" என்று கேட்டேன்.

"அதெப்படி விடறது?" என்றாள், நான் ஏதோ தகாததைக் கேட்டுவிட்டது போல.

இது அத்தை சொன்னது. எனக்கு வேறு சாட்சியம் இல்லை. மஸ்கட் வீட்டுக்கு ஆசைப்பட்டதை மாமாவிடம் அவள் அப்போதே சொல்லியிருந்தாளா, அல்லது சொல்லாமலே அவருக்குத் தெரியுமா என்று கேட்டேன். அத்தை எழுந்துபோய் ஒரு கதவை மறுபடி சாத்திப் பார்த்தாள். மாமாவிடம் நான் கேட்கவில்லை. ஆகவே அது மட்டும் இன்றுவரை உறுதி செய்யப்படாத செய்தி.