நீதி சொல்லாத வாத்தியார்

கீழ்பென்னாத்தூர் வேர்க்கடலை மில் வேலையை உதறிவிட்டுத் திருவண்ணாமலைக்கு நடந்துகொண்டிருந்தேன். பஞ்சரான சைக்கிளைத் தள்ளியபடி ஒருவர் சேர்ந்துகொண்டார். டுட்டோரியலில் தமிழ் வாத்தியாராம். ஒல்லி உடம்பு, பேசும்போதெல்லாம் சாக்பீஸ் தூள் படிந்த விரலால் கண்ணாடியை மேலே தள்ளினார்.

"ஏம்பா வேலைய உட்ட?"

"கூட வேல செய்யற பொம்பள மேல மேஸ்திரி கை ஓங்கினான் சார். மூட்டைய அவன் கால்ல போட்டுட்டு வந்துட்டேன்."

"கதைக்கு வேண்டிய முரண் இருக்கு, உச்சம் இருக்கு. முடிவு எங்க?"

"முடிவு எதுக்கு சார்? வந்துட்டேன், அவ்ளோதான்."

அவர் சிரித்தார். கதைக்குக் கடைசியில் நீதி வேண்டியதில்லை என்று வகுப்பில் சொல்லிவிட்டாராம். அது தப்பு என்று இன்று மாலை மாணவர்களிடம் சொல்லி, நோட்ஸில் இருக்கும் நீதியை எழுதவைக்காவிட்டால் வேலை இல்லை என்றாராம் டுட்டோரியல் முதலாளி.

"சொல்லிடுங்க சார். சோறு முக்கியம்."

"நீ திரும்பிப் போய் அந்த மூட்டைய தூக்குவியா?"

டவுன் வரும்வரை அவர் சைக்கிளை நான் வாங்கித் தள்ளினேன்.

மறுநாள் காலை போர்டு எழுதுபவரிடம் கையாளாகச் சேர்ந்தேன். முதல் வேலை, ஒரு டுட்டோரியல் பலகையிலிருந்து, முந்தின நாள் மாலை வேலை போன தமிழ் வாத்தியாரின் பெயரைச் சுரண்டுவது. அவர் பெயர் எனக்கு அப்போதுதான் தெரிந்தது. கடைசி எழுத்தை விட்டுவிட்டு ஏணியிலிருந்து இறங்கினேன்.

"முடிக்கலியா?" என்றார் போர்டு எழுதுபவர்.

"முடிவு எதுக்குங்க?" என்றேன்.