டிரெய்லருக்கு எர்த் அடித்தது

என் கணவர் பி.டி. மாஸ்டர். சங்கராபுரம் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை ஓடவிட்டு விசில் ஊதுவது அவர் வேலை. லீவு நாட்களில் ஓடவிட ஆள் கிடைக்காததால் வீட்டில் இருப்பவர்களை ஓடவிடுவார். ஒரு கோடை லீவில் கைபேசியில் எதையோ பார்த்துவிட்டு, படுத்துக்கொள்ள வசதியுள்ள ஒரு டிரெய்லரை ஜீப்புக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு கல்வராயன் மலைக்குப் போய்த் தங்கப் போகிறோம் என்று அறிவித்தார். ரோடே இல்லாத இடத்துக்கும் அது போகுமாம். ரோடே இல்லாத இடத்தில் நமக்கு என்ன வேலை என்று கேட்டேன். அதற்குள் சின்னசேலத்தில் டிராக்டர் டிப்பர் கட்டும் பட்டறையில் சொல்லிவைத்துவிட்டிருந்தார்.

வந்து நின்றதைப் பார்த்தால் உயரமான சக்கரங்களின் மேல் படுக்கப்போட்ட தகர பீரோ மாதிரி இருந்தது. உள்ளே இரண்டு பேர் படுக்கலாம். மூன்றாவது ஆள் உள்ளே வந்தால் ஒருவர் எழுந்து வெளியே போக வேண்டும். சுவரோரமாக ஒரு இரும்புத் தட்டு, சாமான் வைக்க. கதவு மட்டும் நன்றாக இருந்தது.

நான் ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீஷியன் படித்தவள். எங்கள் வகுப்பில் நான் ஒருத்திதான் பெண். கல்யாணத்துக்கு முன்பு மோட்டாருக்குக் காயில் கட்டும் கடையில் இரண்டு வருடம் வேலை பார்த்தேன். கள்ளக்குறிச்சிக்கு மருமகளாக வந்தபிறகு என் படிப்பு பல்பு மாற்றுவதோடு நின்றுபோயிருந்தது. ஆகவே டிரெய்லரைக் கிண்டல் செய்துகொண்டே, அதில் பேட்டரி வைத்து, இரண்டு விளக்கும் ஒரு சின்ன ஃபேனும் மாட்டியவள் நான்தான்.

முதல் பயணத்துக்குக் கணவரின் அக்காவும் வந்தார். எனக்கு அண்ணி. திருநாவலூரில் தனியாக இருக்கிறார். மத்தியானம் சாப்பிட்டதும் இரண்டு மணி நேரம் தூங்காவிட்டால் அவருக்கு அன்றைய நாள் கணக்கில் சேராது. தூங்குவதற்கு ஃபேன் ஓட வேண்டும். வெள்ளிமலையில் அன்று மழைத்தூறல், நாங்கள் ஸ்வெட்டர் போட்டிருந்தோம். அண்ணி இரண்டு போர்வையைப் போர்த்திக்கொண்டு ஃபேன் கேட்டார்.

“காத்து வேணாம்மா, சத்தம் தான் வேணும்” என்றார்.

பேட்டரி ஃபேனைப் போட்டேன். கொசு காதுக்குள் பூந்த மாதிரி கீது என்றார். அடுத்த முறை ஒரு மலிவான இன்வெர்ட்டரை மாட்டிப் பெரிய ஃபேனை ஓடவிட்டேன். அந்த மாதிரி இன்வெர்ட்டரில் ஃபேன் ஒரு தினுசாக முனகும். யாரோ பக்கத்தில் உட்கார்ந்து அழுவுற மாதிரி கீது என்றார். இரண்டு தடவையும் தூங்காமல் எழுந்து உட்கார்ந்து, சொந்தக்காரர்கள் ஒவ்வொருவரைப் பற்றியும் எங்களிடம் விரிவாகப் பேசினார். இரண்டாவது தடவை மலையிறங்கும்போது கணவர் ஸ்டீரிங்கைப் பிடித்தபடி, டிரெய்லருக்கு வீட்டுக் கரண்டே கொடுத்துவிட முடியுமா என்று கெஞ்சும் குரலில் கேட்டார்.

முடியும். எனக்கு உள்ளுக்குள் ஒரே சந்தோஷம். டிரெய்லரின் பக்கவாட்டில் மழை படாதபடி மூடி வைத்த ஒரு பிளக் பொருத்தினேன். எந்த வீட்டுப் பக்கம் நிறுத்துகிறோமோ அங்கிருந்து நீளமான ஒயர் இழுத்து அதில் சொருகினால் போதும். உள்ளே ஒரு பெட்டியில் மெயின் சுவிட்ச், அதன் பக்கத்தில் ட்ரிப்பர். கரண்ட் எங்கேயாவது கசிந்தால் இந்த ட்ரிப்பர் கண்ணிமைக்கும் முன் தானே விழுந்து லைனைத் துண்டித்துவிடும். வண்டி முழுக்க இரும்பு என்பதால் எர்த்தும் வேண்டும். அதற்கு ஒரு நாலடிக் கம்பி, பச்சை ஒயர், மண்ணில் ஈரம் நிற்பதற்காகப் போட ஒரு பை உப்பும் கரியும். எங்கள் வீட்டு வாசலிலேயே நிறுத்தி, விளக்கு, மிக்ஸி எல்லாவற்றையும் போட்டுப் பார்த்தேன். ஒரு குறையும் இல்லை. எதிர்வீட்டு அம்மா வந்து பார்த்துவிட்டு, இதற்கு வீட்டுக்குள்ளேயே இருக்கலாமே என்று சொல்லிவிட்டுப் போனார்.

மூன்றாவது பயணத்துக்கு அண்ணி தன் சொந்த டேபிள் ஃபேனோடு வந்தார். அவர் கல்யாணத்துக்கு வந்த ஃபேன். இரும்பு உடம்பு, பச்சைப் பெயின்ட், தலையைத் திருப்பும்போதெல்லாம் டக் டக் என்று சத்தம். மலைப்பாதையில் உருண்டுவிடக்கூடாது என்று அதை இரும்புத் தட்டின் மேல் போல்ட் போட்டு இறுக்கினேன்.

கச்சிராயபாளையம் வழியாக ஏறி, வெள்ளிமலை தாண்டி, கணவருக்குப் பழக்கமான ஒருவர் நிலத்தில் நிறுத்தினோம். சாமையும் மரவள்ளியும் போடுகிறவர். அவர் வீட்டிலிருந்து ஒயர் இழுத்தோம். அங்கே பிளக்கில் எர்த்துக்கான மூன்றாவது ஓட்டை இருந்தது, அதற்குப் பின்னால் கம்பி இல்லை. பரவாயில்லை என்று டிரெய்லரின் பின்பக்கம் குழி தோண்டி, பாறை தட்டி ஒரு சாணுக்கு மேல் இறங்காத கம்பியை அடித்து, உப்பும் கரியும் போட்டுத் தண்ணீர் ஊற்றினேன். டிரெய்லரின் கால்களுக்கு அடியில் பலகை வைத்து நிமிர்த்தினோம். விளக்கு எரிந்தது. எல்லோரும் அண்ணியைப் பார்த்தோம். அண்ணி ஃபேன் சுவிட்சைப் போட்டார். ட்ரிப்பர் டப்பென்று விழுந்தது.

மறுபடி போட்டேன், மறுபடி விழுந்தது. விளக்கு மட்டும் போட்டால் விழவில்லை. ஃபேனில்தான் கோளாறு அண்ணி என்றேன்.

“முப்பது வருசமா ஓடிக்கினு கீது. நேத்து வந்த உன் பொட்டிக்குத் தான் ஒத்துக்கல” என்றார்.

கணவரைப் பார்த்தேன். அவர் அக்காவையும் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. பொட்டியை ஒருதடவை செக் பண்ணேன் என்று மெதுவாகச் சொன்னார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சோற்றைப் போட்டுக்கொண்டு போய் மரத்தடியில் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டேன்.

சாப்பிட்டு வந்து பார்த்தால் டிரெய்லருக்குள் டக் டக் சத்தம். அண்ணி தானே ட்ரிப்பரைத் தூக்கிவிட்டு, இரண்டு போர்வைக்குள் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். கணவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. பின்பக்கம் போனேன். நிலத்துக்காரரின் வெள்ளாடுகள் ஐந்தாறு என் எர்த் குழியைச் சுற்றி நின்று உப்பை நக்கிக்கொண்டிருந்தன. குழியைக் கிளறி, ஒயரை இழுத்து, கம்பியை வெளியே தள்ளிப்போட்டிருந்தன.

ஆடுகளை விரட்டிவிட்டுக் கம்பியைத் திரும்ப அடித்தேன். உள்ளே ஃபேன் நின்றது, குறட்டையும் நின்றது. அண்ணி எட்டிப் பார்த்தார். நான் அவருக்கு விளக்கம் சொல்லிக்கொண்டிருக்கும்போதே ஆடுகள் திரும்பி வந்து கம்பியைச் சாய்த்தன. ட்ரிப்பரைத் தூக்கினால் ஃபேன் ஓடியது. இப்படியே மூன்று தடவை. நான் அடித்தால் நிற்கிறது, ஆடு பிடுங்கினால் ஓடுகிறது. வேடிக்கை பார்த்த நிலத்துக்காரரும் அவர் மனைவியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“ஆட்டுக்குத் தெரிஞ்ச வேல கூட உனக்குத் தெரியலியே” என்றார் அண்ணி. கோபமாகச் சொல்லவில்லை, வருத்தமாகத்தான் சொன்னார். அதுதான் அதிகம் சுட்டது.

அந்த நேரத்தில் கணவர் தொட்டியில் குளித்துவிட்டு, ஈரக்காலோடு வந்து டிரெய்லரின் கதவைப் பிடித்தார். ஒரு சத்தம் போட்டார் பாருங்கள், பி.டி. மாஸ்டர் விசில் இல்லாமலே அப்படி ஊதி நான் கேட்டதில்லை. துண்டு ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம். ட்ரிப்பர் விழுந்து அவரைக் காப்பாற்றியது. எழுந்து உட்கார்ந்து, கால் பிரண்டுவிட்டது என்றார்.

நான் எல்லோரையும் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, ரப்பர் செருப்போடு ஏறி ட்ரிப்பரைத் தூக்கினேன். டெஸ்டரை டிரெய்லர் சுவரில் வைத்தேன். எரிந்தது. ஃபேனின் கழுத்தில் வைத்தேன். இன்னும் நன்றாக எரிந்தது. மெயினை அணைத்துவிட்டு விஷயத்தைச் சொன்னேன்: ஃபேனில் கசிகிற கரண்ட் இரும்புத் தட்டு வழியாக வண்டி முழுக்கப் பரவுகிறது, எர்த் இருந்தால் அது மண்ணுக்குப் போகிறது, ட்ரிப்பர் கண்டுபிடித்து நிறுத்துகிறது, ஆடு எர்த்தைப் பிடுங்கிவிட்டால், யாராவது வந்து தொடட்டும் என்று வண்டியிலேயே காத்துக்கொண்டிருக்கிறது.

அண்ணி நிதானமாகக் கேட்டுக்கொண்டு, “எங்க வூட்லயும் இந்த ஃபேன தொட்டா சுரீர்னு இருக்கும். வெரல் மூட்டு வலிக்கு நல்லதுன்னு தெனமும் காலையில ஒருவாட்டி தொடுவேன்” என்றார்.

ஜெயித்துவிட்டோம் என்று தோன்ற வேண்டிய நேரம். எனக்குத் தோன்றவில்லை. தனியாக இருக்கிறவர். ஈரக்கையோடு ஒருநாள் தொட்டிருந்தால். கணவர் துண்டைக் கட்டிக்கொண்டு வந்து அக்கா பக்கத்தில் உட்கார்ந்தார். “ஏன்க்கா இத்தினி நாளா சொல்லல” என்றார். நீ கேட்டியா என்றார் அண்ணி.

ஃபேனைக் கழற்றிப் பிரித்தேன். தலை திரும்பித் திரும்பி, கழுத்துக்குள் போகும் ஒயரின் தோல் தேய்ந்து செம்பு வெளியே தெரிந்தது. அந்தத் துண்டை வெட்டியெடுத்துவிட்டு, வேறு ஒயர் போட்டு, மேலே உறையும் மாட்டி டேப் சுற்றினேன். மற்ற எதையும் தொடவில்லை. துடைக்கக்கூட இல்லை, சத்தம் மாறிவிட்டால் யார் பதில் சொல்வது? நான் கம்பியைத் திரும்ப அடித்ததும் நிலத்துக்காரர் மனைவி முள்ளை வெட்டிவந்து எர்த் குழியை மூடினார். ஃபேன் ஓடியது, ட்ரிப்பர் விழவில்லை. மிச்சமிருந்த மத்தியானத்தை அண்ணி தூங்கித் தீர்த்தார். ஆடுகள் முள்ளுக்கு வெளியே நின்று கொஞ்ச நேரம் குறை சொல்லிவிட்டுப் போயின.

மறுநாள் காலை நிலத்துக்காரர் வந்து தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். அவர் வீட்டு கிரைண்டரும் லேசாகக் கடிக்குமாம். மிச்ச உப்பையும் கரியையும் போட்டு அவர் வீட்டுக்கும் எர்த் இறக்கிக் கொடுத்தேன். கணவர்தான் குழி தோண்டினார், நான் சொன்ன ஆழத்துக்கு.

மலையிறங்கி நேராகக் கள்ளக்குறிச்சிக்குப் போகாமல் திருநாவலூருக்குப் போனோம். அண்ணி வீட்டுக்கும் ட்ரிப்பர் மாட்டினேன். முதல் நாளே அது இஸ்திரிப் பெட்டிக்கு ஒருதடவை, தண்ணி மோட்டாருக்கு ஒருதடவை விழுந்தது. இரண்டையும் சரிசெய்யும்வரை அங்கேயே தங்கிவிட்டேன். அண்ணி எனக்குப் பிடித்த கருவாட்டுக் குழம்பு வைத்தார்.

போன மாதம் உளுந்தூர்பேட்டையில் மிக்ஸி வாங்கப் போன அண்ணி, கடையிலிருந்து எனக்குப் போன் செய்தார். என்னிடம் எதுவும் கேட்கவில்லை. போனைக் கடைக்காரரிடம் நீட்டுவது கேட்டது.

“எங்க வூட்டு வயர்மேன் பேசுறாங்க. எர்த்து இன்னா ஏதுன்னு கேப்பாங்க, கரெக்டா பதில் சொல்லுப்பா.”